அடுத்த வீட்டு நோர்மா

பினாங்கு, ஆச்சீன் தெரு
1934 பிப்ரவரி 20

என் சிட்டுக்கு,

பெரியம்மா ஹபீபா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் உன் பெரியவாப்பாவும் சுகம். நீ சுகமா, உம்மா சுகமா, ரங்கூனிலிருந்து வாப்பா காகிதம் போட்டாரா.

உம்மா சொல்லச் சொல்ல நீ எழுதிய காகிதம் நேற்றுக் கப்பலில் வந்தது. உலையில் அரிசி கொதிக்க நின்றபடியே படித்தேன். சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது. மூன்று தரம் விழுந்தாய், கைகால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை வந்தது, எழுந்தால் ஒன்றும் ஞாபகமில்லை. இதையெல்லாம் உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். எழுத்து ஒரு இடத்திலும் கோணவில்லை. கெட்டிக்காரி.

சிட்டு, பயப்படாதே. இந்தச் சீக்கு எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். எங்கள் அடுத்த வீட்டில் நோர்மா என்று ஒரு மலாய்ப் பெண் இருக்கிறாள். உன்னைவிட ஒரு வயது மூத்தவள். பதினோரு வயதிலிருந்து அவளுக்கும் இதுதான். பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர் முனுசாமி அண்ணன் சொன்னார்: "ஏம்மா, பேய் பிடிச்சா காலையில எந்திரிச்சு பசியாற கேட்குமா? இது மூளையில வர்ற கோளாறு. மருந்து இருக்கு. விடாம குடிக்கணும், அவ்வளவுதான்."

இப்போது உம்மாவுக்குச் சத்தமாகப் படி. சலேஹா, பிள்ளை விழுந்தால் கையைக் காலைப் பிடித்து அழுத்தாதே. ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலைக்கடியில் துணியை மடித்து வை. சாவிக்கொத்தைக் கையில் திணிக்காதே. வாயில் கரண்டி வைக்காதே. நான் ஒரு தரம் வைத்து, பல் ஒன்று பாதி உடைந்துபோயிற்று. தானாக நிற்கும், பக்கத்தில் இரு. தர்காவில் நாற்பது நாள் உட்காரவைக்கப் போவதாக எழுதச் சொன்னாயாம். உட்காருங்கள், துஆ கேளுங்கள். ஆனால் நாகப்பட்டினம் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து உட்காருங்கள்.

உடனே பதில் போடவும். கப்பல் வரும் நாளெல்லாம் நான் வாசலில்தான் நிற்பேன்.

பெரியம்மா
ஹபீபா பீவி

நாகூர்
1934 மார்ச் 14

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

சல்மாவின் சலாம். இங்கே நாங்கள் சுகம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது என்று உம்மா கேட்கிறார்கள்.

உம்மா சொல்வது: டாக்டரிடம் போனோம். மூன்று வேளைக்கு மருந்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். பிள்ளை சமர்த்தாகக் குடிக்கிறாள்.

சல்மா சொல்வது: சமர்த்தெல்லாம் இல்லை. அந்தத் தண்ணீர் கடல்தண்ணீரைவிடக் கரிக்கிறது. மருந்தில் உள்ள உப்பைச் சோற்றில் போட்டால் நான் பேசாமல் சாப்பிடுவேன். பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் நான் இந்தப் பக்கம் அழுகிறேன். "கருவாட்டுக்கு அழுவுற பொண்ண யாருடி கட்டுவான்" என்று உம்மா ஏசுகிறார்கள்.

ரொஸ்னா அக்கா காய்ச்சலில் மவுத்தாகி வருஷம் ஒன்று தாண்டிவிட்டது என்று உம்மா என்னை யாசீன் ஓதச் சொன்னார்கள். ஓதினேன். ஒரே பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, எனக்காக நீங்கள் இவ்வளவு எழுதுகிறீர்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நோர்மா அக்காவைப் பற்றி நிறைய எழுதுங்கள். அவர்களும் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறார்களா? வெளியே போகிறார்களா? தெருவில் விழுந்தால் யார் தூக்குவார்கள்? எனக்கு இதைக் கேட்க இங்கே ஆள் இல்லை.

உங்கள்
சல்மா

பினாங்கு
1934 ஏப்ரல் 5

என் சிட்டுக்கு,

பெரியம்மாவின் சலாமும் முத்தமும். நாங்கள் சுகம், முட்டுவலி அப்படியேதான்.

நீ நோர்மாவைக் கேட்டாய் அல்லவா, எழுத உட்கார்ந்தால் எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை. அவளும் முதலில் உப்பில்லாத சோற்றைத் தட்டோடு தள்ளிவிட்டவள்தான். பிறகு புளியும் பச்சைமிளகாயும் அரைத்துத் தொட்டுக்கொள்ளப் பழகினாள். நீயும் செய்து பார். சிவந்த நிறம், நெற்றியில் சின்னத் தழும்பு, விழுந்தபோது பட்டது. சிரித்தால் அந்தப் பாதிப் பல் தெரியும், கையால் மூடிக்கொள்வாள். தையல் மெஷினில் உட்கார்ந்தால் எழுப்ப முடியாது. சட்டைக் கை தைப்பதில் இந்தத் தெருவில் அவளை அடிக்க ஆள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் கொடிமலைக்கு ரயிலேறிப் போனாள். கம்பியால் இழுக்கிற ரயில், மலைமேல் நேராக ஏறும். கூடப் போன எனக்குத் தலை சுற்றியது. என்னை மக்சீ என்பாள், மலாயில் அத்தை மாதிரி. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, "மக்சீ, கப்பலெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு" என்றாள். கீழே இறங்கும்வரை சிரித்தபடி இருந்தாள். அதனால் நீ வெளியே போகலாம். யாராவது கூட இருந்தால் போதும். கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் மட்டும் தனியாகப் போகாதே.

மருந்து ஒரு வேளை தப்பக்கூடாது. மறக்காமல் எழுது.

பெரியம்மா

நாகூர்
1934 மே 28

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

சலாம். எல்லோரும் சுகம். நானும் சுகம் என்று இந்தத் தரம் நிஜமாகவே எழுதலாம். இரண்டரை மாதத்தில் ஒரே ஒரு தரம்தான் வந்தது.

முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பிறகு நடந்தது உம்மா சொல்லித்தான் தெரியும். எதிர்வீட்டு மாமி சாவிக்கொத்தோடு ஓடிவந்திருக்கிறார்கள். உம்மா விளக்குமாற்றை நீட்டி மறித்துவிட்டு, "சாவிய உங்க பொட்டிக்குப் போடுங்க மாமி, எம்புள்ளைக்குப் பூட்டு இல்ல" என்றார்களாம். பேய்க்குப் பயந்து ஓடிய என் உம்மாதான். ஒருக்களித்துப் படுக்கவைத்து, நூறு எண்ணுவதற்குள் நின்றுவிட்டது. எழுந்ததும் நான் "துணி மடிச்சாச்சா" என்று கேட்டேனாம். ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

புளியும் மிளகாயும் அரைத்துப் பார்த்தேன். நோர்மா அக்காவுக்கு என் சலாம் சொல்லுங்கள். அவர்களுக்குக் கலியாணம் பேசுகிறார்களா? மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்களா, மறைத்துவிட்டார்களா? உம்மா இதைக் கேட்கச் சொல்லவில்லை. நானாகக் கேட்கிறேன்.

சல்மா

தாசேக் கெலுகோர்
1934 ஜூன் 18

ஹபீபாவுக்கு,

ஷேக் அலாவுதீன் எழுதுவது. கடை நடக்கிறது, உடம்புக்கு ஒன்றுமில்லை. மழையால் இந்த வெள்ளிக்கிழமை வர முடியாது.

போன வாரம் வீட்டுக்கு வந்தபோது பெட்டிமேல் சல்மாவின் காகிதம் இருந்தது. படித்தேன். நம் ஒரு பக்கத்து வீட்டில் தகர வேலைக்காரச் சீனர் இருக்கிறார். மறுபக்கம் சரக்குக் கிட்டங்கி. நோர்மா யார்?

கேட்கவேண்டியதில்லை. பாதிப் பல், தையல் மெஷின், நெற்றித் தழும்பு, எல்லாம் நம் ரொஸ்னா. இந்தச் சீக்கை ஊரில் மறைத்தோம். காய்ச்சல் என்று சொன்னதும் நாம்தான். பிள்ளை படிக்கிற காகிதத்தில் அவள் இதனால் செத்தாள் என்று எழுத உனக்குக் கை வராது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் நோன்பு மாதத்தில் நாம் செய்த தப்பை அவர்களுக்குச் சொல்லியாகவேண்டும். உனக்கு முடியாவிட்டால் நான் சலேஹாவுக்கு எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

ஷேக் அலாவுதீன்

பினாங்கு
1934 ஜூன் 22

மச்சான் அவர்களுக்கு,

சலாம். நான் சுகம், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

நீங்கள் எழுதவேண்டாம். சமயம் பார்த்து நானே சொல்வேன். பதினேழு மாதமாக இந்த வீட்டில் அவள் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நீங்களும் சொல்வதில்லை. காகிதத்தில் அவள் நடக்கிறாள், ரயிலேறுகிறாள், ஒருத்தி அவளைச் சுகம் விசாரித்து எழுதுகிறாள். எழுதுகிற அன்று எனக்குப் பசிக்கிறது.

அடுத்த மாதம் அவளுக்குக் கலியாணம் வைத்திருக்கிறேன். கோபிக்காதீர்கள்.

ஹபீபா

பினாங்கு
1934 ஆகஸ்ட் 9

என் சிட்டுக்கு,

பெரியம்மாவின் சலாம். சுகம், சுகம், எல்லோரும் சுகம். தாமதத்துக்குக் கோபிக்காதே. கலியாண வேலை.

நோர்மாவுக்கு நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளை துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. மெலிந்த ஆள், அவளைவிட ரொம்பக் கூச்சம். உன் கேள்விக்குப் பதில், சொல்லிவிட்டார்கள். அவளேதான் சொன்னாள். மாப்பிள்ளையின் தாயார் பெண் பார்க்க வந்தபோது மருந்துச் சீசாவைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அந்த அம்மா, "நேரத்துக்குக் குடிப்பியா?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான். மருதாணி விரல் நுனியில் மட்டும் வைத்தோம், இங்கே அதுதான் வழக்கம். பச்சை சொங்கேத் துணியில் ஜரிகை. தலையில் பூவைத்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள் பார், சிட்டு, அந்த அழகை எப்படி எழுதுவேன். மூன்று நாளாக எனக்குத் தூக்கமில்லை, சந்தோஷத்தில்.

உனக்கும் இதெல்லாம் நடக்கும். மற்றப் பெண்கள் செய்கிற எதையும் அவள் விட்டதில்லை. வீட்டு வேலை, தையல், போன வருஷம் முப்பது நோன்பும் பிடித்தாள், பெருநாள் பலகாரமும் அவளே சுட்டாள். அதனால் நீ எதற்கும் குறைந்தவள் இல்லை.

உம்மாவுக்கு என் சலாம்.

பெரியம்மா

நாகூர்
1934 நவம்பர் 17

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

சலாம். நாங்கள் சுகம். மழை விடவில்லை. கடல் கொந்தளித்துக் கப்பல் தூரத்திலேயே நிற்கிறது, தோணி போக முடியவில்லை. இந்தக் காகிதம் என்றைக்கு ஏறுமோ.

எனக்கு விழுந்து ஆறு மாதமாகிறது. இன்னொரு சேதி. எனக்கு இடம் வந்திருக்கிறது. திட்டச்சேரி மாப்பிள்ளை, பினாங்கில் கடை வைக்கப் போகிறாராம். நான் உங்கள் பக்கத்திலேயே வந்துவிடுவேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மாப்பிள்ளையின் உம்மா நோன்பு மாதம் முழுக்க இங்கே அவர்கள் தங்கச்சி வீட்டில் இருப்பார்கள். இரண்டு வாசல் தள்ளித்தான். எந்நேரமும் வந்துபோவார்கள். வயதுப் பெண் முப்பது நாளும் பகலில் சாப்பிட்டால் ஏன் என்று கேட்பார்களே. நோர்மா அக்கா மாதிரி சீசாவை எடுத்து முன்னால் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் அவர்கள் மாதிரி நோன்பு பிடிக்க முடியும். காலை, மதிய மருந்தை விட்டுவிட்டு நோன்பு திறந்தபின் ஒரு வேளை மட்டும் குடிப்பதாக முடிவு செய்திருக்கிறோம். உம்மா முதலில் பயந்தார்கள். உங்கள் காகிதத்தை எடுத்து மறுபடி படித்துக் காட்டினேன். "நோர்மா புடிச்சிருக்கால்ல, அப்ப சரி" என்று ஒத்துக்கொண்டார்கள்.

எனக்காக துஆ செய்யுங்கள்.

சல்மா

தந்தி
பினாங்கு, 1934 டிசம்பர் 12

சல்மா மருந்தை நிறுத்தாதே. நோன்பு வேண்டாம். நோர்மா பொய். காகிதம் பின்னால். ஹபீபா.

பினாங்கு
1934 டிசம்பர் 12

சிட்டு,

இதை முதலில் நீ தனியாகப் படி. பிறகு உம்மாவுக்குப் படி.

உன் காகிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. நோன்பு நாலு ஆகிவிட்டது. செருப்புப் போடாமல் தபாலாபீசுக்கு ஓடினேன். தந்தி எழுதுகிற பையன், "நோர்மா பொய்னா என்னா மக்சீ? நோர்மா போய்ட்டாளா?" என்று கேட்டான். இரண்டும்தான் என்றேன்.

நோர்மா என்று யாரும் இல்லை. எல்லாம் ரொஸ்னா. உன் அக்காவுக்கு இந்தச் சீக்கு ஐந்து வருஷம் இருந்தது. ஊருக்குத் தெரிந்தால் மாப்பிள்ளை கிடைக்காது என்று யாருக்கும் எழுதவில்லை. டிரசர் கொடுத்த மருந்தில் ஒன்பது மாதம் ஒரு தரமும் விழவில்லை. நான் சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல் இருந்தேன். அந்த நோன்பு வந்தது. "உம்மா, நான் மட்டும் பகல்ல சாப்பிட்டா பிள்ளைங்க கேலி பண்ணுதுங்கம்மா" என்றாள். நான்தான் சரி என்றேன். சீசாவைப் பலகைமேல் தூக்கி வைத்ததும் என் கைதான். மூன்று வேளை மருந்து ஒரு வேளையாயிற்று. நாள் போகப் போகச் சோர்ந்தாள், நோன்புச் சோர்வு என்று நினைத்தேன். இருபத்துமூன்றாவது நாள் வந்தது. ஒன்று நிற்குமுன் அடுத்தது. லாஞ்சா வண்டியில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தும் நிற்கவில்லை. முனுசாமி அண்ணன் என்னை ஏசவில்லை. "நல்லா இருக்கிறப்பதாம்மா மருந்து வேலை செய்யுது. அதை நிறுத்தக்கூடாது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, ஏழைக்கு ஒரு வேளைச் சோறு கொடுத்தால் போதும் என்று பிறகு பள்ளிவாசல் லெப்பை சொன்னார். முன்னாலேயே நான் போய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காரணம் சொல்லவேண்டுமே.

முப்பது நோன்பு பிடித்தாள் என்று உனக்கு எழுதினேனே, அன்றைக்கு எனக்குப் பைத்தியம். அவள் பிடித்தது இருபத்திரண்டரை.

மருந்தைக் குடி. மூன்று வேளையும் குடி. யார் வந்து பார்த்தாலும் பார்க்கட்டும்.

பெரியம்மா

நாகூர்
1934 டிசம்பர் 27

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

சலாம். நான் சுகம். இதைத்தான் முதலில் எழுதச் சொல்லி உம்மா நிற்கிறார்கள். நான் சுகம்.

தந்தி என்றதும் தெருவே கூடிவிட்டது. தந்தி வந்தால் மவுத்துதானே. படித்துக் கேட்கும் முன்பே உம்மா ஒப்பாரி வைத்துவிட்டார்கள். தபால்காரர் இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் உரக்கச் சொன்னார். "சல்மா மருந்தை நிறுத்தாதே" என்று அவர் சொன்னபோது மாப்பிள்ளையின் உம்மா எனக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள். "என்ன மருந்து?" என்றார்கள். அன்று காலை இரண்டு தரம் என் கை தானாக வெட்டிக் கிண்ணம் விழுந்திருந்தது. உம்மாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, உள்ளே போய்ச் சீசாவை எடுத்துவந்து அத்தனை பேர் முன்னால் குடித்தேன். "எனக்கு வலிப்பு இருக்கு மாமி. இது அதுக்கு" என்றேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், தந்தியைப் பார்த்தார்கள். "அது யாரு நோர்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பெருநாள் கழிந்து பார்ப்போம் என்று மறுநாள் சொல்லி அனுப்பினார்கள். இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் மத்தியானம் பசித்தது, சாப்பிட்டேன். எனக்குப் பதிலாக உம்மா தினம் ஒருவருக்குச் சோறு கொடுக்கிறார்கள்.

உங்கள் காகிதம் வந்தது. தனியாகப் படித்தேன். பிறகு உம்மாவுக்குப் படித்தேன். பாதியில் உம்மா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, படிக்கத் தெரியாமலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்கூடப் பொறந்த லாத்தா இதத் தனியாவா சுமந்தா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

பெரியம்மா, எனக்குக் கோபம் இல்லை. நோர்மா அக்கா இல்லாவிட்டால் நான் அந்தக் கரிக்கிற தண்ணீரை ஒரு வாரம்கூடக் குடித்திருக்க மாட்டேன். ஒன்று மட்டும் உங்களுக்குச் சொல்லவேண்டும். அது வரும்போது வலிக்காது. சில தரம் முன்னாலேயே தெரியும். வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறும், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடத் தோன்றும், ஆனால் சொல்ல நினைத்தது வாயில் வராது, வேறு ஏதாவது வரும். அதற்குள் ஒன்றும் தெரியாமல் போய்விடும். ரொஸ்னா அக்கா பயந்திருக்க மாட்டார்கள்.

கொடிமலை ரயில் மட்டும் நிஜமா?

சல்மா

பினாங்கு
1935 ஜனவரி 10

என் சிட்டுக்கு,

பெரியம்மாவின் சலாம், பெருநாள் வாழ்த்து. நாங்கள் சுகம். "நான் சுகம்" என்று நீ எழுதிய காகிதத்தைப் பெரியவாப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். நான் கேட்டும் தரவில்லை.

அத்தனை பேர் முன்னால் குடித்தாயா. அந்த இடத்தை எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. அடுத்த வீட்டுத் தகரக்காரச் சீனரைக் கூப்பிட்டு, பாதி மலாயில் பாதிக் கையாட்டி அவருக்கும் சொன்னேன். அவர் சுத்தியலை வைத்துவிட்டுக் கைதட்டினார். திட்டச்சேரிக்காரர்கள் சரி என்றால் வா. வேண்டாம் என்றாலும் வா. உம்மாவையும் கூட்டிக்கொண்டு கப்பலேறு. மருந்து வழிக்குப் போதுமா என்று பார்த்து எடுத்துக்கொள், கடல் மயக்கத்தில் வாந்தியெடுத்தால் அந்த வேளைக்கு என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுவை. முனுசாமி அண்ணனிடம் உன்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ரயில் நிஜமில்லை. அந்தப் பெருநாளுக்குக் கூட்டிப்போவதாக இருந்தோம். தையல் மெஷின் நிஜம். நேற்று எண்ணெய் போட்டுத் துடைத்தேன், ஓடுகிறது. உனக்குத்தான்.

இன்னொன்று இருக்கிறது. பெரியவாப்பாவுக்குக்கூடச் சொல்லாதது. வலிப்பு வருமுன் வேறு ஏதாவது வாயில் வரும் என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அந்த இருபத்துமூன்றாம் நோன்பு அன்று சாயங்காலம் நான் அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். ரொஸ்னா வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உம்மா, நகரா அடிச்சாச்சா?" என்று கேட்டாள். நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் நகரா அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வெயில்கூட இறங்கவில்லை. நான் சிரித்துவிட்டு, "ஒனக்கு மட்டும் அடிச்சிட்டாங்க போல, போய்ப் படு புள்ள" என்றேன். திரும்பிப் போனாள். பாயில் உட்காருவதற்குள் விழுந்துவிட்டாள்.

சிட்டு, அது உனக்கு வந்திருக்கிறது, அதனால் உன்னிடம் கேட்கிறேன். அவள் தாகத்தில் கேட்டாளா, இல்லை, என்னைக் கூப்பிட வந்து, வாயில் வேறு வராமல் அதைக் கேட்டாளா?